மடிக்கக் கூடாத விரிப்பு

மதியம் பன்னிரண்டு அடித்ததும் டோன்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிங் மேஜை மேல் ஏறிப் படுத்துக்கொள்கிறார். மேஜையில் ஆஸ்பத்திரி அளவில் ஒரு மெத்தை, அதன் மேல் அன்று காலை தைத்த புது விரிப்பு. மல்லாந்து, கைகளை உடம்போடு ஒட்டி, கண்ணைத் திறந்தபடி ஒரு மணி நேரம். அசைய மாட்டார். மூக்கு அரித்தாலும் சொறிய மாட்டார். நாங்கள் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து, வாட்டிய குடைமிளகாயும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் வைத்து ரொட்டி தின்போம்.

"கைய நெஞ்சு மேல வெச்சுக்கடி டோன்கா. மெழுகுவத்திய நான் கொளுத்தறேன்" என்பாள் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்காரும் இலியானா.

"கொளுத்து. மெழுகு சொட்டினா உள்ள இறங்குதான்னு அதையும் பாத்துடலாம்."

மணி முடிந்ததும் இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை புரள்வார். காது மட்டும் வேலை செய்யும். "சிப்ஸ் பாக்கெட் மேல படுத்த மாதிரி இருக்கு. வயித்த அறுத்துட்டுக் கெடக்கறவன் ராத்திரி பூரா இதக் கேட்டுக்கிட்டுக் கெடப்பானா?" இறங்கி, ரவிக்கையின் முதுகை எங்களிடம் காட்டுவார். எவ்வளவு வியர்த்திருக்கிறது என்று இலியானா தொட்டுச் சொல்ல வேண்டும். உள்ளங்கை அளவா, தட்டு அளவா. தட்டு அளவு என்றால் அந்த விரிப்பு தோற்றது.

டோன்கா ஸ்டாமெனோவாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தொன்பது வருடம் இதே கட்டடத்தில் இத்தாலிக்காரர்களுக்குப் பெண்கள் சட்டை வெட்டினார். சட்டை வேலை வேறு நாட்டுக்குப் போனபின், முதலாளி இன்ஜினியர் மரினோவ் ஆஸ்பத்திரிச் சாமானுக்கு மாறினார். டாக்டர்களின் அங்கி, காலுறை, தொப்பி. எல்லாம் ஒரு தடவை போட்டுவிட்டு எறிவது. நூலால் நெய்யாமல், இழைகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டிய துணி. மாஸ்க்கில் பார்த்திருப்பீர்கள், அதே இனம். அந்தத் துணியில் படுக்கை விரிப்பு செய்யலாம் என்று சொன்னது டோன்கா. ஆஸ்பத்திரிக்குப் போகும் காகிதங்களில் இன்ஜினியர் இவர் பெயருக்கு எதிரே 'வடிவமைப்பாளர்' என்று போடுகிறார். இவருக்கு அது பிடிக்கவில்லை. "டிசைனர்னா ஒல்லியா இருப்பாங்க. நான் கட்டர்."

எந்தத் துணியைப் பார்த்தாலும் கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பார்ப்பார். கடையில் தொங்கும் திரை, பாதிரியாரின் அங்கி ஓரம், பேசிக்கொண்டிருக்கும் ஆளின் சட்டைக் கை, எதுவும் தப்பாது. பஸ்ஸில் துணி போட்ட இருக்கையில் உட்கார மாட்டார், டான்யூப் கரையிலிருந்து பட்டறைவரை நின்றுகொண்டே வருவார். பஸ் நிறுத்தத்தின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் இரங்கல் தாள்களை ஒன்று விடாமல் படிப்பார். எங்கள் ஊரில் வாலிபர்கள் வெளிநாடு போய்விட்டார்கள். அந்தக் கண்ணாடி மட்டும் எப்போதும் நிறைந்திருக்கும். செத்தவரின் படம், வயது, 'குறுகிய கால நோய்க்குப் பின்' என்ற வரி. அந்த வரி வந்தால் டோன்கா உச்சுக்கொட்டுவார். "குறுகிய கால நோயாம். எந்த வார்டுன்னு போடுங்கடா."

ஐந்து வருடத்துக்கு முன் அந்தக் கண்ணாடியில் அவர் கணவர் லூபென் இருந்தார்.

லூபெனுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் விரிப்பு, தலையணை, கம்பளி எல்லாம் வீட்டிலிருந்தே கொண்டுபோவது இங்கே வழக்கம். அங்கே தருவது நூறு தடவை துவைத்துச் சாம்பல் நிறமான துணி. அதில் யார் யார் படுத்தார்களோ, எவன் கண்டான்? டோன்கா தன் கல்யாண விரிப்பைக் கொண்டுபோனார். தடித்த பருத்தி, கல்யாணத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அவரே ஓரத்துக்குப் பின்னல் போட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் அதைக் கட்டம் போட்ட பையில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார், துவைப்பார், இஸ்திரி போடுவார், அதே பையில் வைத்துத் திரும்பக் கொண்டுபோவார். பை ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கடியில் இருக்கும். வீட்டில் சமையலறை நாற்காலியில் இருக்கும். ஒன்பதாம் நாள் லூபெனுக்குக் காய்ச்சல். காயத்தில் சீழ். இருபதாம் நாள் முடிந்துவிட்டது.

கிருமி எங்கிருந்து வந்தது என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறார். "அத யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றாராம் டாக்டர்.

இதை டோன்கா எங்களிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அப்போதும் வெட்டும் கத்தி ஓடிக்கொண்டிருந்தது. நிமிரவில்லை. "அந்தப் பை போகும்போது சுத்தமாப் போச்சா, வரும்போது சுத்தமா வந்துச்சா? யாராலயும் சொல்ல முடியாதுங்கறாங்க. தூக்கிட்டு நடந்தவ நான்தானே."

லூபென் போன பிறகுதான் மதியப் படுக்கை தொடங்கியது. முதல் விரிப்பு மெத்தையிலிருந்து வழுக்கியது. அவரே ஒரு தடவை மேஜையிலிருந்து சரிந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். இரண்டாவது வியர்த்தது. அசையாமல் கிடக்கிறவருக்கு முதுகு நனைந்தால் தோல் புண்ணாகும் என்று ஒரு நர்ஸ் சொல்ல, அதை அன்றே கிழித்துப் போட்டார். மூன்றாவது சத்தம் போட்டது. ஏழாவதில் எல்லாம் கூடி வந்தது. மேலே மிருதுவான அடுக்கு, நடுவில் உறிஞ்சுவது, அடியில் ஈரம் மெத்தைக்குப் போகாமல் தடுக்கும் மெல்லிய படலம், நாலு மூலையிலும் எலாஸ்டிக். நோயாளி மாறினால் விரிப்பும் மாறும். அழுக்கானாலும் மாறும். உதறக் கூடாது. உதறினால் அதில் இருப்பதெல்லாம் பக்கத்துக் கட்டிலுக்குப் பறக்கும். உள்பக்கமாகச் சுருட்டி, மஞ்சள் பையில் போட்டு, எரிக்க அனுப்பிவிட வேண்டும்.

ஓரத்தை மட்டும் டோன்கா யாரையும் தொட விடவில்லை. எறிகிற சாமானுக்கு ஓரம் மடித்து இரட்டைத் தையல் எதற்கு என்று இன்ஜினியர் கேட்டார்.

"பிஞ்சு போகாம இருக்கத்தான்."

"ஒரு நாள்தானே டோன்கா இருக்கப் போகுது?"

"ஒரு நாளுன்னாலும் ஒரு மனுஷன் படுக்கறான் இன்ஜினியர் சார்."

போன வருடம் இலையுதிர் காலத்தில் மாவட்ட ஆஸ்பத்திரியின் அறுவை வார்டு மூன்று மாதம் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டது. இருபது கட்டில். வீட்டு விரிப்பு உள்ளே வரக் கூடாது. காயத்தில் சீழ் பிடிக்கிறவர்கள் எண்ணிக்கை குறைந்தால் ஆஸ்பத்திரி முழுவதும் இந்த விரிப்புக்கு மாறும். குறையாவிட்டால் பழையபடி சாம்பல் துணியும் கட்டம் போட்ட பைகளும். துணை இயக்குநர் டாக்டர் ஹிண்டோவ் இரண்டே வாக்கியத்தில் இதைச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

வாரம் ஒரு நாள் பெட்டிகளோடு டோன்காவும் போவார், எங்களில் ஒருத்தி கூடப் போவாள். ஒவ்வொரு வாரத்துச் சரக்குக்கும் ஓரத்து நூலின் நிறத்தை மாற்றியிருந்தார். முதல் வாரம் வெள்ளை, இரண்டாம் வாரம் நீலம், மூன்றாம் வாரம் பச்சை என்று. எந்த வாரத்துப் பெட்டி எப்போது தீர்கிறது என்று கட்டில்களுக்கு நடுவே நடந்தாலே தெரிந்துவிடும். யாரையும் கேட்க வேண்டாம்.

நோயாளிகளுக்குப் பிடிக்கவில்லை. வீட்டுத் துணி இல்லாமல் படுப்பது அநாதைக்குச் சமம் என்று நினைத்தார்கள். பதினோராம் கட்டிலில் மெட்டோடி என்று ஒருவர், அக்கரைக்கு ஆள் ஏற்றும் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர், குடலிறக்கத்துக்காக வந்திருந்தார்.

"ஏ தாயி, என்னை என்ன பாலாடைக்கட்டி மாதிரி தாள்ல சுத்தறீங்க?"

"பாலாடைக்கட்டிய நாங்க இவ்வளவு பத்திரமாச் சுத்தறதில்ல" என்றார் டோன்கா, அவர் காலுக்கடியில் மூலையை இழுத்துவிட்டபடி.

"தாள் மேல செத்தேன்னா என் பொண்டாட்டி வெளிய தல காட்ட முடியாது."

"அப்ப சாகாதீங்க. செலவில்லாத வழி அதுதான்."

அவர் சிரித்தார். சிரிக்கும்போது தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அது ஐந்தாம் வாரம். அதுவரை வார்டில் யாருக்கும் சீழ் இல்லை. தலைமை நர்ஸ் வாரக் கணக்கு எழுதிய தாளை இவரிடம் காட்டினார். திரும்பும்போது பஸ்ஸில் டோன்கா உட்கார்ந்து வந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஏழாம் வாரம் நாங்கள் போனபோது மெட்டோடியின் கட்டில் காலியாக இருந்தது. காயம் பழுத்துத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இன்னும் மூன்று பேருக்குக் காய்ச்சல். டோன்கா, அடுத்தவருக்காக விரித்து வைத்திருந்த அந்தக் கட்டிலின் அருகே போய், வழக்கம்போல் துணியை இரு விரலில் நசுக்கினார். பிறகு குனிந்து முகர்ந்தார்.

சீமை மாதுளை வாசனை.

எங்கள் வீடுகளில் துணி அலமாரிக்குள் விரிப்புகளுக்கு நடுவே சீமை மாதுளை என்கிற, பேரிக்காய் மாதிரி மஞ்சள் பழம் ஒன்றை வைப்போம். குளிர்காலம் முழுக்க மணக்கும். எங்கள் பட்டறையிலிருந்து வரும் விரிப்புக்கு எந்த வாசனையும் கிடையாது. டோன்கா ஓரத்தைப் புரட்டினார். அந்த வாரத்து நூல் மஞ்சள். இதில் பச்சை. வெளுத்துப்போன பச்சை. எலாஸ்டிக் தொய்ந்திருந்தது. நாலு வாரத்துக்கு முன்பே எரிந்திருக்க வேண்டிய விரிப்பு.

நேராகத் துப்புரவாளர்களின் அறைக்குப் போனார். ஹீட்டர் குழாய்கள் மேல் ஆறேழு விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. மேஜையில் இன்னும் ஒரு அடுக்கு, மூலைக்கு மூலை வைத்து அழகாக மடித்து, மேலே ஒரு மஞ்சள் பழம். ஸ்டோயன்கா கை துடைத்துக்கொண்டே எழுந்தாள். அறுபத்தொரு வயது. அந்த மாடி முழுவதையும் கூட்டித் துடைக்க அவள் ஒருத்திதான். ஓய்வூதியத்துக்கு இன்னும் பத்து மாதம் பாக்கி.

"என்னடி இது?" என்றார் டோன்கா.

"எது? துவைச்சுதான் போட்டேன். சோப்புப் போட்டு, கையால."

"எறியறதுக்குத்தானே குடுத்தோம்."

"நல்ல துணிய எப்படிடி எறியறது?" ஸ்டோயன்காவுக்கு உண்மையாகவே புரியவில்லை. "கறை பட்டத எறிஞ்சுட்டேன். இதெல்லாம் ஒரு நாள் படுத்தது. கிழியல, நூல் கூடப் பிரியல. இந்த ஓரத்தப் பாரு, என் கல்யாணத்துக்குக் கூட எங்கம்மா இப்படி ஓரம் அடிக்கல. இத நெருப்புல போட்டா பாவம் இல்லையா? பெட்டி வர ஒரு நாள் தாமதமாச்சுன்னா நோயாளிய வெறும் மெத்தையிலயா படுக்க வைப்பேன்? நாலு மிச்சம் இருக்கட்டும்னுதான்."

தன் தையலை அவள் விரலால் தடவிக் காட்டுவதை டோன்கா பார்த்துக்கொண்டே நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். அந்த அடுக்கின் மேலிருந்த பழத்தை எடுத்து ஜன்னலில் வைத்தார். விரிப்புகளை ஒவ்வொன்றாக உள்பக்கமாகச் சுருட்டி மஞ்சள் பைக்குள் போட்டார். ஸ்டோயன்கா உதவ வந்தபோது, "கையுறை போட்டுக்க முதல்ல" என்றார். 

மூன்று நாள் கழித்து மெட்டோடியின் படம் பஸ் நிறுத்தக் கண்ணாடியில் வந்துவிட்டது. படகுக்காரத் தொப்பி போட்டிருந்தார். 'குறுகிய கால நோய்க்குப் பின்.' டோன்கா இந்தத் தடவை உச்சுக்கொட்டவில்லை. பஸ் வந்து நின்று போனது. அடுத்த பஸ்ஸும் போனது.

ஹிண்டோவின் அறைக்குள் என்ன நடந்தது என்பதைத் தலைமை நர்ஸிடம் கேட்டு எழுதுகிறேன். "உங்க விரிப்பு போட்ட கட்டில்லதான் அந்த ஆள் போனாரு" என்றாராம் ஹிண்டோவ். யார் துவைத்தது என்று பெயரைச் சொல்லிவிட்டால் விரிப்பின் மேல் பழி இல்லை. கூடப் போயிருந்த இன்ஜினியர் அதைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டார். டோன்கா முந்திக்கொண்டார்.

"விரிப்புதான் சார் தப்பு. துவைக்கிற மாதிரி நான் தெச்சுட்டேன்."

"யாரு துவைச்சாங்க?"

"கைதான் துவைச்சது. இந்த ஊர்ல எந்தக் கையும் துவைக்கும். மூணு வாரம் குடுங்க. துவைக்க முடியாத மாதிரி கொண்டாறேன்."

மெட்டோடிக்கு அந்த விரிப்பால்தான் வந்ததா என்று எழுந்து போகும்போது கேட்டிருக்கிறார். அதை யாராலும் சொல்ல முடியாது என்றாராம் ஹிண்டோவ். அதே வாக்கியம். மூன்று வாரம் கிடைத்தது. இருபது கட்டில் பத்தானது. அதிலும் தோற்றால் மறுபேச்சு இல்லை.

அந்த மூன்று வாரமும் டோன்கா மதியம் படுக்கவில்லை. எப்படிப் பிடித்தாலும் கிழிகிற ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். படுத்திருக்கும்போது கிழியக் கூடாது, எடுக்கும்போது கிழியாமல் வரக் கூடாது. இரட்டைத் தையலை அவரே பிரித்து எறிந்தார். மூலை எலாஸ்டிக்கை எடுத்துவிட்டு, மெத்தையின் அடியில் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்தார். நடுவில் தலையிலிருந்து கால்வரை ஊசித் துளை வரிசை, அதன் முனையில் ஆரஞ்சு நாடா. நாடாவை இழுத்தால் விரிப்பு சர்ரென்று இரண்டாகும். இரண்டு பாதியும் சுருண்டுகொள்ளும்.

"கிழியறதுக்கு இவ்வளவு பாடா?" என்றாள் இலியானா.

"மடிக்க வரக் கூடாதுடி. மடிச்சுட்டா வெச்சுக்கத் தோணும்."

புது விரிப்பு வார்டுக்குப் போனது. முதல் வாரக் கடைசியில் தலைமை நர்ஸ் போன் செய்தார். மஞ்சள் பைகளில் விரிப்புகள் முழுசாகக் கிடக்கின்றனவாம். ஸ்டோயன்கா நாடாவை இழுப்பதில்லை. மெத்தையைத் தூக்கி, நாலு பட்டையையும் நகத்தால் ஒவ்வொன்றாக விடுவித்து, கிழியாமல் எடுக்கிறாள். எறிந்துதான் விடுகிறாள், துவைப்பதில்லை. ஆனால் கிழிக்க அவளுக்குக் கை வரவில்லை. ஒவ்வொரு கட்டிலுக்கும் கால் மணி நேரம் அந்த அழுக்குத் துணியின் மேல் குனிந்துகிடக்கிறாள், மூச்சு படும் தூரத்தில். அப்படி எடுத்த கையோடு அடுத்த கட்டிலுக்கும் போகிறாள்.

மறுநாள் காலை நான் கூடப் போனேன்; பெட்டிகளோடு கட்டம் போட்ட ஒரு பையும் டோன்கா கையில் இருந்தது. வார்டுக்குள் அந்த மாதிரிப் பை நுழையக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அதனால் துப்புரவாளர்களின் அறைக்கு வெளியே, படிக்கட்டருகே வைத்துப் பிரித்தார். சீமை மாதுளை மணம் படிக்கட்டு முழுக்கப் பரவியது. வெள்ளைப் பருத்தி. ஓரமெல்லாம் பின்னல். இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நின்றது.

ஸ்டோயன்கா பார்த்ததும் புரிந்துகொண்டாள். "லூபெனோடதா?"

"இங்க இருந்து கடைசியாக் கொண்டுபோனது. அஞ்சு வருஷமா அலமாரியில கெடக்கு. விரிக்கவும் இல்ல, எறியவும் இல்ல. உன்னச் சொல்ல எனக்கென்ன இருக்கு?" டோன்கா ஒரு ஓரத்தை நீட்டினார். "புடி."

"எதுக்கு?"

"புடிடி."

"வேணாண்டி டோன்கா. கல்யாணத் துணி. உன் கைப்பின்னல்."

டோன்கா இடுப்புப் பையிலிருந்து சிறிய கத்தரியை எடுத்தார். பின்னலின் நடுவில் ஒரு வெட்டு, விரல் நீளம். அவ்வளவுதான் கத்தரிக்கு வேலை. கத்தரியைப் பல்லில் கவ்விக்கொண்டு, தன் பக்கத்தை இழுத்தார். ஸ்டோயன்கா கண்ணை மூடிக்கொண்டு தன் பக்கத்தைப் பிடித்திருந்தாள். நல்ல துணி கிழிவது லேசில் முடிகிற சத்தமில்லை. வார்டுக் கதவு திறந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தார். கால்பக்கத்துப் பின்னல் வரை போய் அது கடைசியாக அறுந்தது.

ஸ்டோயன்கா தன் பாதியைக் கசக்கி, பந்தாக்கி, அழுதுகொண்டே மஞ்சள் பைக்குள் திணித்தாள். பையை டோன்காவிடம் நீட்டினாள்.

டோன்கா குனிந்து பார்த்தார். அவர் கையிலிருந்த பாதி நாலாக மடிந்திருந்தது, மூலைக்கு மூலை, பின்னல் வெளியே தெரியும்படி. எப்போது மடித்தார் என்று அங்கே நின்ற யாரும் பார்க்கவில்லை. கத்தரியைப் பல்லிலிருந்து எடுத்தார். மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிறகு, உதறாமல், வயிற்றோடு சேர்த்து வைத்துக் கசக்கத் தொடங்கினார்.